'-ஆல்' ஈறும் 'இஃப்' தொடரும்: திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதிக் கடிதங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் பணியாற்றும் தமிழ்வழிக் கல்வி பெற்ற இளைஞர்கள், வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுடன் நாள்தோறும் ஆங்கிலத்தில் கடிதத் தொடர்பு கொள்கின்றனர். அக்கடிதங்களில் நிபந்தனைத் தொடர்கள் மிகுதியாக வருகின்றன. இத்தொடர்களைப் பள்ளி இலக்கணம் மூவகையாகப் பகுத்துக் கற்பிக்கிறது. ஆனால் தமிழ் பேசுவோருக்கு ஏற்படும் இடர்ப்பாடு அம்மூன்று வகைகளை மனத்தில் நிறுத்துவதில் இல்லை. தமிழின் '-ஆல்' ஈற்று வினையெச்சம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் பொருள்களை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கும் இடங்களிலேயே அது தோன்றுகிறது. இவ்விடங்களையும் அவற்றைத் தமிழ் இலக்கண அறிவைக் கொண்டே கற்பிக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிபந்தனைத் தொடர், செயின் எச்சம், கால மயக்கம், ஒப்பீட்டு இலக்கணம், திருப்பூர், ஆங்கிலம் கற்பித்தல்.

முன்னுரை

ஒரு பனியன் ஆர்டர் கப்பல் ஏறும்வரை அது நிபந்தனைகளின் மேல்தான் நடக்கிறது. லேப் டிப் எனப்படும் சாய மாதிரிக்குப் பையர் ஒப்புதல் அளித்தால் துணி சாயத்துக்குப் போகும். சாயம் ஏறி காம்பாக்டிங் முடிந்தால் கட்டிங் தொடங்கும். பிபி சாம்பிளுக்கு ஒப்புதல் கிடைத்தால் தையல் வரிசையில் ஏற்றலாம். இறுதிப் பரிசோதனையில் தேறினால் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ கண்டெய்னர் புறப்படும். இவற்றுள் ஒரு கண்ணி பிந்தினால் கப்பலில் போகவேண்டிய சரக்கு விமானத்தில் போக நேரும். ஏர் ஷிப்மென்ட் செலவு யார் தலையில் விழும் என்பதை யாரால் தாமதம் ஏற்பட்டது என்பதே முடிவு செய்யும். அதற்குச் சான்றாக எஞ்சுவது இருதரப்பும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களே. எனவே ஒரு மெர்ச்சண்டைசர் எழுதும் 'இஃப்' தொடரில் ஒரு வினைவடிவம் பிறழ்வது மதிப்பெண் இழப்போடு முடிவதில்லை.

1978ஆம் ஆண்டளவில் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளரின் வருகையோடு திருப்பூரின் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியது என்பது தொழில் வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இன்று இந்நகரின் கடிதங்கள் ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா எனப் பல திசைகளுக்குச் செல்கின்றன. இவற்றைப் பெறுவோருள் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. திருப்பூரிலிருந்து எழுதுபவரும் ஆங்கிலத்தைக் கற்றவரே. பார்சிலோனாவிலிருந்து வாசிப்பவரும் கற்றவரே. ஒருவர் எழுத்துக்குப் பின்னால் தமிழ் நிற்க, மற்றவர் வாசிப்புக்குப் பின்னால் ஸ்பானியம் நிற்கிறது. மொழி கற்பித்தல் ஆய்வுகள் இதுவரை பெரிதும் கருத்தில் கொண்டது கற்பவரின் தாய்மொழியை மட்டுமே. லாடோவின் ஒப்பீட்டு முறை (1957), கார்டரின் பிழை ஆய்வு (1967), செலிங்கரின் இடைமொழிக் கோட்பாடு (1972) ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். வாசிப்பவரின் தாய்மொழியையும் சேர்த்துப் பார்த்தால்தான் திருப்பூர்க் கடிதத்தின் சிக்கல் முழுமையாகத் தெரியும்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் கடிதங்களின் போக்கை ஒட்டிக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. எந்த நிறுவனத்தின் கடிதத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. பிறமொழித் தொடர்கள் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

'செயின்' முதல் 'செய்தால்' வரை

தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்துரைக்கும்போது 'செயின்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். பவணந்தியார் பன்னிரண்டு வாய்பாடுகளைக் கூறி, முதல் ஐந்தை இறந்தகாலத்துக்கும், 'செய' என்பதை நிகழ்காலத்துக்கும், எஞ்சிய ஆறனை எதிர்காலத்துக்கும் உரியன என வகுக்கிறார். 'செயின்' எதிர்காலப் பகுதியில் இடம்பெறுகிறது. நிபந்தனை என்பது இன்னும் நிகழாததைப் பற்றியது என்ற தெளிவு இவ்வைப்பில் உள்ளது.

இக்காலத் தமிழில் அவ்விடத்தைப் பெரிதும் 'செய்தால்' பிடித்துக்கொண்டது. இதன் உருவம் கூர்ந்து நோக்கத்தக்கது. வந்தால், படித்தால், போனால் எனும் சொற்களில் 'ஆல்' சேர்வது இறந்தகால அடியோடு. பொருளோ இறந்தகாலம் அன்று. 'நாளை வந்தால்' என்று தயக்கமின்றிச் சொல்கிறோம். பவணந்தியார் எதிர்காலம் என்று வகுத்த பொருளை இறந்தகால உருவம் ஒன்று சுமந்து நிற்கிறது. தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணம் (1989) உள்ளிட்ட விளக்கநூல்களும் இவ்வடிவை இறந்தகால அடியிலிருந்தே வருவிக்கின்றன.

'-ஆல்' எச்சத்துக்கு அருகிலேயே 'என்றால்' நிற்கிறது. இது முற்றுவினையை ஏற்பதால் காலத்தையும் ஏற்கும்: வந்தான் என்றால், வருகிறான் என்றால், வருவான் என்றால். பேச்சில் இது 'ன்னா' எனக் குறுகி, 'துணி வந்துச்சுன்னா' என்று வழங்குகிறது. ஆக, காலம் காட்டாத நிபந்தனை ஒன்றும் காலம் காட்டும் நிபந்தனை ஒன்றும் தமிழரின் நாவில் அருகருகே இருக்கின்றன. 'நீங்கள் அனுப்புவீர்கள் என்றால்' என்பதை அப்படியே மாற்றினால் 'இஃப் யூ வில் சென்ட்' என்றுதான் வரும். ஆங்கிலத்தில் 'இஃப்' கூற்றில் 'வில்' வந்தால் அது பெரும்பாலும் எதிர்காலத்தைச் சுட்டுவதில்லை; 'அனுப்ப உங்களுக்கு மனமிருந்தால்' என்ற பொருளைத் தரும். இப்பிழையை ஆசிரியர்கள் அறிவர், வகுப்பில் திருத்தியும் வருகின்றனர். அதிகம் பேசப்படாத பிழைகள் வேறு இரண்டு.

துணி வந்தால்

'வர்ற தை வந்தால் இவளுக்கு இருபத்தெட்டு' என்று வீட்டில் சொல்கிறார்கள். தை வருமா என்ற ஐயம் எவருக்கும் இல்லை. 'வந்தால்' இங்கே நிபந்தனை அன்று, காலக்குறிப்பு. ஐயத்துக்கு உரியதையும் உறுதியானதையும் தமிழின் '-ஆல்' ஒரே உருவில் சொல்லும். எது எது என்பதைச் சூழல் காட்டிக்கொடுக்கும்.

'துணி வந்தால் மறுநாளே கட்டிங் போட்டுவிடுவோம்' என்று மெர்ச்சண்டைசர் நினைக்கிறார். துணி சாயப்பட்டறையில் இருக்கிறது, வியாழனன்று வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்ல வருவது 'வந்த மறுநாளே' என்பது. எழுதுவதோ 'இஃப் த ஃபேப்ரிக் கம்ஸ், வீ வில் ஸ்டார்ட் கட்டிங்'. இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பள்ளியில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வாசிப்பவர் இதைத் துணி வருவதே ஐயம் என்று புரிந்துகொள்ள இடமுண்டு.

அந்த வாசகர் யார் என்பதைப் பொறுத்து இதன் விளைவு மாறுகிறது. ஜெர்மன் மொழியில் நிபந்தனைக்கும் காலக்குறிப்புக்கும் 'வென்' என்னும் ஒரே சொல் பயன்படுகிறது. அது ஆங்கில 'வென்' என்பதன் உறவுச்சொல்தான்; ஆனால் 'இஃப்' செய்யும் வேலையையும் தானே செய்கிறது. ஆங்கிலம் கற்கும் ஜெர்மானியர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது நன்கறியப்பட்ட பிழை. எனவே திருப்பூர்த் தமிழர் எழுதிய மேற்கண்ட தொடரை ஜெர்மானியக் கொள்முதலாளர் சரியாகவே புரிந்துகொள்ளக்கூடும். இருவரின் பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன!

ஸ்பானியத்தில் அப்படி இல்லை. நிபந்தனைக்குச் 'சி', காலத்துக்குக் 'குவாந்தோ' எனச் சொற்கள் வேறு. அவற்றை அடுத்து வரும் வினைவடிவங்களும் வேறு. 'துணி வந்தால்' என்னும் ஐயத்துக்குச் 'சி யேகா லா தேலா'. 'துணி வரும்போது' என்னும் எதிர்காலக் குறிப்புக்குக் 'குவாந்தோ யேகே லா தேலா'. 'யேகா', 'யேகே' என்ற ஈற்றுயிர் மாற்றத்திலேயே வேறுபாடு பதிந்துள்ளது. இப்பிரிவில் பழகிய ஒருவர் 'இஃப்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஐயப்பொருளையே கொள்வார். துணியின் நிலை என்ன என்று கேட்டு அவர் மறுகடிதம் எழுதினால் திருப்பூரில் இருப்பவருக்கு அக்கேள்வியே விளங்காது. ஒரு நாள் போய்விடும்.

இவ்வேறுபாட்டைக் கற்பிக்கத் தமிழிலேயே இரு சோதனைகள் உள்ளன. தொடரின் முன்னால் 'ஒருவேளை' சேர்த்துப் பார்க்கலாம். 'ஒருவேளை தை வந்தால்' என்பது நகைப்புக்கிடம். 'ஒருவேளை பையர் மறுத்தால்' என்பது இயல்பு. அடுத்து, '-ஆல்' இடத்தில் 'வந்ததும்' என்பது போன்ற உருவைப் பெய்து பார்க்கலாம். 'துணி வந்ததும் கட்டிங் போடுவோம்' என்பது கருதிய பொருளையே தருமாயின் ஆங்கிலத்தில் வேண்டியது 'வென்' அல்லது 'ஒன்ஸ்', 'இஃப்' அன்று. கற்பவர் இச்சோதனைகளுக்கு ஆங்கில இலக்கணச் சொல் எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை.

வங்கியாளர்களுக்கு நிபந்தனை பற்றி இன்னும் கடுமையான இலக்கணம் உண்டு என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சுட்டலாம். கடனுறுதிக் கடிதங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யூ.சி.பி. 600, 2007 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 14ஆம் பிரிவின்படி, நிறைவேறியதைக் காட்டும் ஆவணம் குறிப்பிடப்படாத நிபந்தனையை வங்கிகள் சொல்லப்படாததாகவே கருதி ஒதுக்கும். மின்னஞ்சல் வாசகருக்கு அத்தகைய விதி இல்லை. அவர் ஒதுக்க வேண்டியதையும் ஒதுக்கமாட்டார்.

இறந்தகாலம் செய்யும் எதிரெதிர் வேலைகள்

'இஃப் யூ கன்ஃபர்ம்ட் டுமாரோ' என்ற ஆங்கிலத் தொடரில் 'நாளை' என்ற சொல்லுக்கு அருகில் இறந்தகால வினை நிற்பது மாணவரைத் திகைக்க வைக்கிறது. சபைன் யாத்ரிடூ (2000) இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இங்கே இறந்தகால உருபு காலத்தைக் காட்டவில்லை. பேசும் கணத்திலிருந்து நிகழ்வை விலக்குவதுபோல, நடப்புலகிலிருந்து நிகழ்வை விலக்கி வைக்கிறது என்பது அவர் கருத்து. நடக்க வாய்ப்புக் குறைவு என்பதை ஆங்கிலம் இறந்தகாலத்தால் உணர்த்துகிறது.

'வந்தால்' என்பதிலும் இறந்தகால அடிதானே இருக்கிறது, எனவே தமிழ் மாணவருக்கு இது எளிதாக இருக்கவேண்டுமே என்று தோன்றலாம். கட்டுரையாளரும் முதலில் அவ்வாறே கருதினார். ஆனால் தமிழின் இறந்தகால அடி எல்லா நிபந்தனைக்கும் பொதுவானது. வாய்ப்பு மிகுதி, குறைவு என்ற வேறுபாட்டை அது காட்டுவதில்லை. தடை இன்னும் ஆழத்தில் உள்ளது. காலப்பிறழ்ச்சியைத் தமிழிலக்கணம் நன்கறியும். வாராக் காலத்து நிகழ்வை விரைவு பற்றி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்கிறது தொல்காப்பியம். நன்னூல் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் சேர்க்கிறது. வீட்டை விட்டு இன்னும் கிளம்பாதவர் தொலைபேசியில் 'இதோ வந்துட்டேன்' என்கிறார். அலுவலகத்தில் 'இந்தத் தையலைப் பையர் பார்த்தால் தொலைந்தோம்' என்கிறார்கள். தொலைவது எதிர்காலத்தில், வினை இறந்தகாலத்தில். காரணம், தெளிவு. அதாவது, எதிர்கால நிகழ்வுக்கு இறந்தகால முற்று வந்தால் தமிழர் உணர்வது உறுதி. அதே இடத்தில் ஆங்கிலம் உணர்த்துவது உறுதியின்மை.

இம்முரணை வெளிப்படையாகச் சொல்லாமல் 'இரண்டாம் வகை' என்று எண்ணிட்டுக் கற்பிப்பதால் பயனில்லை. தமிழ் படித்த மாணவரிடம் கால வழுவமைதியை நினைவூட்டி, 'நம் மொழியில் இது நெருக்கம், அம்மொழியில் இது விலகல்' என்று கூறினால் அவர் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். இலக்கண வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே கல்லூரியில் ஒன்றையொன்று அறியாமல் நடப்பது வருந்தத்தக்கது.

அனுப்பியிருந்தால்

மூன்றாம் வகை கடினமானது என்று பாடநூல்கள் அதனை இறுதியில் வைக்கின்றன. தமிழருக்கு அதன் உறுப்புகள் புதியன அல்ல. 'நூல் நேரத்தில் வந்திருந்தால் சரக்கை அனுப்பியிருப்போம்' என்பதில் 'இருந்தால்' இருக்குமிடத்தில் 'ஹேட்', 'இருப்போம்' இருக்குமிடத்தில் 'வுட் ஹேவ்'. ஸ்பானியம் பேசுவோருக்கு இதில் தமிழரைவிடத் தொல்லை அதிகம். அவர்கள் மொழியில் இரு கூறுகளிலும் 'உபியேரா' என்ற ஒரே துணைவினை வடிவம் வர இடமுண்டு. வட ஸ்பெயினின் புர்கோஸ், பாஸ்க் பகுதிப் பேச்சில் நிபந்தனைக் கூற்றிலேயே விளைவுக்குரிய வடிவம் நுழைந்துவிடுகிறது. 'இஃப்' கூற்றில் 'வுட் ஹேவ்' எழுதுவது அவர்களின் பரவலான பிழை.

தமிழரின் தொல்லை உருவில் இல்லை, பொருளில் உள்ளது. 'அனுப்பியிருந்தால்' என்பது நடவாததை மட்டும் குறிப்பதன்று. 'நீங்கள் திங்களன்றே கூரியர் அனுப்பியிருந்தால் புதன்கிழமை எங்களுக்குக் கிடைத்துவிடும்' என்னும்போது, அனுப்பினார்களா என்பது பேசுபவருக்குத் தெரியாது, குற்றச்சாட்டும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'இஃப் யூ சென்ட் இட் ஆன் மண்டே' என்ற எளிய இறந்தகாலம் போதும். 'இஃப் யூ ஹேட் சென்ட்' என்று எழுதினால், 'நீங்கள் அனுப்பவில்லை' என்பது உட்பொருளாகிவிடும்.

முனைவர் பட்ட ஆய்வில் சேருமுன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய சில மாதங்களில் கட்டுரையாளரே இப்பிழையைச் செய்தார். துணைப்பொருள்களின் மாதிரி வந்து சேருமா என்று கேட்கும் எண்ணத்தில் 'ஹேட் சென்ட்' என்று எழுதிவிட்டார். மறுமொழியில் ஒரு சொல்லும் இல்லை. கூரியர் ரசீதின் படம் மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. அதில் திங்கட்கிழமைத் தேதி இருந்தது. எதற்காக இத்தனை கடுமை என்று அன்று விளங்கவில்லை. மேலாளர் தொலைபேசியில் பேசிச் சமாதானம் செய்தார். ஹேட் என்ற சொல் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்பது பாடநூலில் எங்கும் இல்லை.

தமிழில் இவ்விருபொருளைப் பிரிப்பது பெரும்பாலும் விளைவுக் கூறு. 'கிடைக்கும்' என்று முடிந்தால் நிபந்தனை திறந்திருக்கிறது. 'கிடைத்திருக்கும்' என்று முடிந்தால் நடவாதது எனக் கொள்ளலாம். ஆனால் இங்கும் முழு உறுதி இல்லை. 'இந்நேரம் கிடைத்திருக்கும்' என்பது ஊகமாகவும் இருக்கலாம். உறுதியாகப் பிரிப்பது ஏகாரம். 'அனுப்பியிருந்தால் கிடைத்திருக்குமே' என்றவுடன் அனுப்பவில்லை என்பது தெளிவாகிறது, ஆதங்கமும் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலம் 'ஹேட்' என்பதில் வைத்திருக்கும் சுமையில் ஒரு பகுதியைத் தமிழ் இந்த ஒற்றை இடைச்சொல்லில் வைத்திருக்கிறது. காம்ரி (1986) நிபந்தனையின் ஐயத்தன்மையை விட்டுவிட்டு எண்ணும் வகைகளாகக் கொள்ளாமல் தொடர்ச்சியான அளவாகக் கண்டார். தமிழ்த் தரவுகள் அக்கருத்துக்கே வலுச் சேர்க்கின்றன.

பணிவும் வாக்குறுதியும்

'நீங்கள் ஒப்புதல் தந்தால் 20ஆம் தேதி அனுப்புவோம்' என்பதில் 'அனுப்புவோம்' வாக்குறுதியாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் முன்னது 'வில்', பின்னது 'வுட்'. இந்திய ஆங்கிலத்தில் 'வுட்' பணிவின் அடையாளமாகப் பரவிவிட்டது. 'வீ வுட் ஷிப் ஆன் ட்வென்டியத்' என்று எழுதுபவர் மரியாதையாக வாக்குத் தருகிறார். வாசிப்பவர் அதில் வாக்கு இல்லை என்று கருத வழியிருக்கிறது. பணிவைக் காட்டும் '-ங்க' விகுதி கொங்கு வட்டாரப் பேச்சில் எங்கும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நிகராக ஆங்கிலத்தில் ஏதேனும் ஒன்று வேண்டும் என்ற தேட்டம் 'வுட்' மீது போய் விழுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. இது தனி ஆய்வுக்குரியது.

கற்பிக்கும் வரிசை

மேற்கண்டவற்றால் மூவகை வரிசையைத் திருப்பூர் மாணவருக்கு மாற்றியமைக்க வேண்டியுள்ளது. முதலில் வரவேண்டியது 'இஃப்', 'வென்' வேறுபாடு. தினமும் பத்துக் கடிதம் எழுதுபவருக்கு அது பத்திலும் வேண்டும். அதையடுத்து வாக்குறுதிக்கு 'வில்'. அதன்பின் 'அனுப்பியிருந்தால்' என்பதன் இருபொருள். வாய்ப்புக் குறைந்த எதிர்காலத்தைச் சொல்லும் இரண்டாம் வகையை இறுதிக்குத் தள்ளலாம். 'எங்களுக்கு இரண்டாவது ஆலை இருந்தால்' என்று ஷிப்மென்ட் கடிதத்தில் எழுதுவோர் அரிது. விலை பேசும் நிலைக்கு உயர்ந்தவருக்கே அது தேவைப்படும்.

பயிற்சிகளும் ஆங்கிலத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவதாக அமையக்கூடாது. தமிழ்த் தொடர் ஒன்றைத் தந்து, அதைச் சொல்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று முதலில் தமிழிலேயே கேட்கவேண்டும். 'சாயப்பட்டறையில கரண்ட் வந்தா சாயங்காலத்துக்குள்ள துணி வந்துரும்' என்பது அத்தகைய ஒரு தொடர். இதில் கரண்ட் வருவது ஐயமா, துணி வருவது ஐயமா, இரண்டுமா? கரண்ட் எப்போது நிற்கும், எப்போது வரும் என்ற அறிவிப்பு முன்பே வந்திருந்தால் விடை ஒன்று. திடீரென்று நின்றிருந்தால் வேறொன்று. விடையை வகுப்பு ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகோலை எடுக்கச் சொல்லவேண்டும்.